பியரைச் சுடவைக்கச் சொன்ன விருந்தாளி

போன மார்கழி அடைமழைக்குள், கோப்பாயில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மேல்மாடி அறையை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுகிறோம்; சமையல் என் பொறுப்பு. என் கைச் சாப்பாட்டைக் குறை சொல்லிப் போனவர் எவருமில்லை என்பதைக் கூச்சப்படாமல் சொல்வேன்.

அந்தக் கிழமை தங்கியிருந்தவர் போலந்து நாட்டுக்காரர். தனியாள், அறுபது வயதிருக்கும். மழையில் சைக்கிள் ஓடி நனைந்து, மூக்கொழுகி, தடிமனும் இருமலுமாகப் படுத்துவிட்டார். இரண்டு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நான் "மருந்து, மருந்து" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்த மல்லித் தண்ணீரையும் ஒரு மிடறோடு வைத்துவிட்டார். நாளைக்கும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிப் போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை, கையில் ஒரு பியர் போத்தலோடு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார். அவருக்காகக் கைபேசி தமிழில் பேசியது. பியரைச் சூடாக்கி, முட்டை மஞ்சள் கருவும் சீனியும் அடித்துக் கலந்து தர வேண்டுமாம். அவர்கள் ஊரில் தடிமனுக்கு அதுதானாம்.

என் கணவர் சிரித்துவிட்டார். "பியரை ஐஸ் மாதிரிக் குளிரவிட்டெல்லோ குடிக்கிறவை! மனுசனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிட்டுது போலை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குடிவகை என்ரை குசினிக்குள்ளை வந்ததுமில்லை, வரப்போறதுமில்லை எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

கணவர் ஒருமாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். விருந்தாளி தலையாட்டி, போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

சரி, என்னிடம் இல்லாத வைத்தியமா என்று முட்டைக் கோப்பி போடத் தொடங்கினேன். பிள்ளை பெற்றுப் படுத்திருந்த என் மகளை எழுப்பி நடக்கவைத்ததே அதுதான். முட்டையும் சீனியும் நுரைக்க அடித்து, கொதிக்கும் கோப்பியை நூலாக ஊற்றினேன். பிறகு வழக்கம்போல அலுமாரியைத் திறந்து, பிராண்டிப் போத்தலை எடுத்து இரண்டு கரண்டி விட்டேன்.

பின்னால் ஒரு சத்தம். மனுசன் இருமி இருமிச் சிரிக்கிறார். விரல் என் கையிலிருந்த போத்தலைக் காட்டுகிறது.

"ஐயோ, இது மருந்து!" என்றேன்.

அவர் தன் பியர்ப் போத்தலைத் தொட்டார். "மருந்து" என்றார், எழுத்துப் பிசகாமல்.

என் கணவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம் எனக்கு. முப்பது வருடமாக அந்த அலுமாரியில் பிராண்டி இல்லாத நாளில்லை. அதைக் குடிவகை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவருடைய போத்தலைத் திறந்து பியரை அடுப்பில் வைத்தேன். முட்டை திரையாமல் ஊற்ற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன! அவர் கோப்பை வெறுமையானது. பின்னேரம் அவரே கேட்டு வாங்கி நாலு இடியப்பம் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக் கதை அதோடு முடிந்தது.

என் சமையலைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகத்தான் பேசுகிறேன். ஆனால் "எங்கடை வீட்டிலை உது இல்லை" என்று யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால், முதலில் ஒருதரம் என் அலுமாரியைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.