நாஷ்டா என்று கேட்டேன்

நான் ராயபுரத்தில் ஆஸ்பத்திரி வார்டுபாய். இலவச ஆபரேஷன் செய்ய எங்கள் டாக்டர்கள் யாழ்ப்பாணம் போனபோது, சம்பளமில்லாமல் உதவிக்குப் போனேன்.

வெறும் வயிறா என்று கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்புவது என் வேலை. கழுத்தில் கட்டியோடு வந்த ஒரு அம்மாவிடம், "நாஷ்டா ஆச்சாம்மா?" என்றேன்.

"அது இன்னும் தரேல்லை, அண்ணை."

அனுப்பிவிட்டேன்.

மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

"காலமை புட்டு சாப்பிட்டுத்தான் வந்தவ," என்றார் அவர் புருஷன். "நாஷ்டா எண்டு ஒரு மருந்து தருவினமாம் எண்டவ. அதைக் குடுக்கேல்லையோ?"

அது எங்கள் ஊரில் காலைப் பலகாரம் என்று சொன்னேன்.

இப்போது ராயபுரத்திலும் அப்படிக் கேட்பதில்லை. "காலையிலேர்ந்து வாயில இன்னா போட்டீங்க?" என்கிறேன். ஒன்றுமில்லை என்றாலும், கூட வந்தவரைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்டிரெச்சரைத் தள்ளுகிறேன்.