டீக்கு ஊதிய சைரன்

போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில், ஓடையை ஒட்டிய புது மனைப்பிரிவில் எங்கள் வீடு. மலையில் மழை கொட்டினால் ஓடை திடீரென்று பெருகும் என்பதால், எச்சரிக்கை சைரன் வைத்தால்தான் மனைகளுக்கு அனுமதி என்று சொல்லி அதிகாரிகள் ஒன்றை வைக்கச் செய்தார்கள். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அதை ஊதிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு டம்ளரோடு மேட்டிலிருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சைரன் ஊதியது. இங்கே நல்ல வெயில். கிழமையை மாற்றிவிட்டார்கள் போல என்று பாலை அடுப்பில் ஏற்றினேன். எல்லோரும் டம்ளரோடு வந்தார்கள். டீயை ஆற்றும்போதுதான், கீழ்த்தெருவில் செம்மண் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தோம்.

அந்தத் தெருவில் தனியாக இருக்கும் செல்லம் அக்கா மட்டும் வரவில்லை. என் கணவர் ஓடிப்போய், முழங்கால் தண்ணீரில் அவரைக் கைபிடித்து அழைத்து வந்தார்.

"சைரன் கேக்கலயாக்கா?" என்றேன்.

"கேட்டுச்சு ஆத்தா. டீக்குத்தானேன்னு இருந்துட்டேன். நாந்தான் டீ குடிக்கிறதில்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது சைரன் ஊதினால், எந்தக் கிழமையானாலும் முதலில் வாசலில் நின்று ஓடையைப் பார்க்கிறேன், அடுப்பு அப்புறம்தான். செல்லம் அக்காவுக்கென்று தனியாகச் சுக்கு வெந்நீர் கொதிக்கும். அவருடைய டம்ளர் வந்து சேரும்வரை யாருக்கும் டீ கிடையாது.