மலை பார்க்கப் போன புதன்கிழமை

வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்த காலம் அது. நத்தம் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில், ஒரு மாந்தோப்புக்குள் இருந்த டென்ட் முகாமை நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டோம். முதலாளி மதுரை டவுன்காரன். வயதில் என்னைவிடச் சின்னவன், வாய்க்கு வாய் அண்ணே என்பான். சனிக்கிழமையானால் கார்கள் வரிசையாக வரும். இறங்குகிறவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுக்க வேண்டும், டென்டைக் காட்ட வேண்டும், பொழுது சாய்ந்ததும் விறகு மூட்டித் தர வேண்டும். மறுநாள் அவர்கள் போட்டுவிட்டுப் போன பாட்டில்களையும் பிரியாணிப் பொட்டலங்களையும் பொறுக்க வேண்டும்.

கிளம்பும்போது யாராவது ஒருத்தர் தவறாமல் சொல்வார். "உங்களுக்கென்னண்ணே, டெய்லி மலையப் பாத்துக்கிட்டே இருக்கீங்க."

ஓங்கி ஒன்று விடலாம் போல இருக்கும். வடக்கே மலை நீலமாகக் கிடந்தது உண்மைதான். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கக்கூஸ் வாளியை.

புதன்கிழமை எங்களுக்கு லீவு. பெரும்பாலும் தூங்கியே கழிப்போம். அந்தப் புதன்கிழமை என் மனைவி, "ஒரு நாளாச்சும் அந்த மலைய கிட்டப் போயிப் பாப்போமே" என்றாள். அவள் கொட்டாம்பட்டிப் பக்கம் பிறந்தவள். கூலி வேலைக்கு வயலுக்குப் போன வீட்டுப் பெண். வேடிக்கை பார்க்கவென்று எங்கேயும் போனதில்லை. வேறு சட்டை காயாததால் முகாம் பேர் போட்ட டீ-சர்ட்டையே மாட்டிக்கொண்டேன். முதலாளிக்குப் போன் போட்டு, நத்தம் தாண்டி ஓடை இருக்கிற மலைப்பக்கம் போகிறோம், தோப்புக்கு ஆள் அனுப்பு என்று சொன்னேன். "ஜாலியா போயிட்டு வாங்கண்ணே" என்றான்.

நத்தம் தாண்டியதும் மலைகள் இருபுறமும் நெருங்கி வந்தன. ஒரு கிளைப் பாதையில் பைக்கைத் திருப்பினேன். புளியமரங்கள் முடிந்து, புதர்க்காடு தொடங்கி, பாதை ஏறியது. வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. கடைசி வீடுகளையும் கடந்து, பாறைக்குக் கீழே ஓர் ஓடை தெரிந்த இடத்தில் நிறுத்தினோம். தூரத்திலிருந்து நீலமாகத் தெரிந்த மலை கிட்டே வந்ததும் பழுப்பும் பச்சையுமாக, சரிந்த பாறைகளோடு, உங்களை யாரடா கூப்பிட்டது என்பதுபோல நின்றது. இருந்தாலும் தண்ணீர் ஓடியது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றாள். நான் போனை எடுத்து அவளையும் ஓடையையும் மலையையும் படம் எடுத்தேன்.

"எதுக்குய்யா போட்டா புடிக்கிற?"

பின்னால் ஒரு பெண் நின்றாள். கையில் ஆடு மேய்க்கும் கம்பு. வயது நாற்பது இருக்கலாம்.

"சும்மாதேன். பாக்க வந்தோம்" என்றேன்.

"போன தடவ வந்தவனும் சும்மாதேன் பாக்க வந்தான். பெறகு கம்பி வேலி போட்டுட்டான். அந்தப் பக்கத்து ஊத்துக்கு இன்னிக்கி வரைக்கும் எங்களுக்குப் பாத கெடையாது." அவள் கண் என் நெஞ்சில் நின்றது. டீ-சர்ட்டில் இருந்த டென்ட் படத்தை அவளுக்குப் புரிய வைக்க யாரும் தேவைப்படவில்லை. கீழே திரும்பிக் குரல் கொடுத்தாள். வேலியில்லாத நாலைந்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன், கைலியை மடித்துக் கட்டிய தடித்த ஆள், என் பைக் சாவியைப் பிடுங்கினான்.

"சாவியக் குடு" என்றேன்.

"எந்த முகாம்காரன் நீ? எம்புட்டு எடம் வேணுமாம் ஒங்களுக்கு?"

"நான் அங்க வேல பாக்கறவன்யா. இன்னிக்கி லீவு."

"லீவுல வந்துதேன் அளப்பீங்க."

நான் கையை நீட்டினேன். அவன் என் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். என் மனைவி ஈரக் காலோடு ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். "மேல கைய வச்சே, நல்லாருக்காது. நாங்களும் கூலிக்காரக் குடும்பந்தேன். ஒன் மலையத் தூக்கிட்டா போகப் போறோம்?"

"கூலிக்காரனத்தேன் மொதல்ல அனுப்புவானுக" என்றாள் கம்பு வைத்திருந்தவள். "வேலிக்குள்ள குடிச்சிட்டு வீசுன கண்ணாடி பாட்டில்ல எங்க ஆட்டுக் காலெல்லாம் கிழிஞ்சு போச்சு. கூட்டிப் பெருக்கறதுக்கும் ஒன்னய மாதிரித்தேன் ஒரு புருசன் பொண்டாட்டி இருந்தாக."

படத்தை அழிக்கவென்று அந்தத் தடித்த ஆள் என் போனை வாங்கினான். அவன் கையில் இருந்தபோதே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. திரையில் முகாம் பேர் தெரிந்ததும் அவன் அதை அமுக்கினான்.

முதலாளியின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "அண்ணே, எடம் எப்படி இருக்கு? ஓடையில தண்ணி இருக்கா? ரோடு எதுவரைக்கும் போகுதுன்னு பாத்து, நாலு போட்டோ அனுப்புங்க. யாருகிட்டயும் எதுவும் சொல்லிக்கிட வேணாம்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் சட்டையைப் பிடித்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவன் நிதானமாக ஒவ்வொரு படமாக அழித்தான். என் மனைவி ஓடையில் நின்ற படம், அதற்கு முந்தைய வாரம் எடுத்த, கொட்டாம்பட்டியில் பாட்டி வீட்டில் வளரும் எங்கள் மகளின் படம், எல்லாம் போனது. மகள் படத்தை விடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாவியை மண்ணில் எறிந்தான். "இன்னொரு தடவ ஒங்கள இங்க பாத்தா பைக்கு கீழ போகாது" என்றான். குனிந்து எடுத்தேன். என் மனைவி செருப்பைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஏறினாள்.

வழி நெடுக அவள் கை என் தோளில் இல்லை, பின்கம்பியில் இருந்தது. நத்தத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு முதலாளியைக் கூப்பிட்டேன்.

"எடம் பாக்கப் போறேன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

"சொல்லலண்ணே. எப்படியும் போறீங்கள்ல, ஒரு பார்வை பாத்துட்டு வாங்கன்னு நெனச்சேன்."

"அடி வாங்கியிருப்பேன். எம் பொண்டாட்டி கூட இருந்தா."

"ஊருன்னா அப்படித்தான்ணே இருக்கும். பேசிச் சரி பண்ணிக்கலாம். தண்ணி இருக்கா இல்லையா?"

"அந்தப் பக்கம் நீ போகாத."

"அத நீங்க சொல்ல வேண்டியதில்லண்ணே" என்றான். முதல் தடவையாக அந்த அண்ணே எனக்கு வசவு மாதிரிக் கேட்டது.

என் மனைவி டீயை வைத்துவிட்டு, "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள். தெரியாது என்று நம்பிவிட்டாள் என்பதை அப்படித்தான் எனக்குச் சொன்னாள். கோபம் குறையவில்லை, திசை மாறியது.

முதலாளி போகாமல் இருக்கவில்லை. அடுத்த மாதம் காரை எடுத்துக்கொண்டு போனான். ஊரே பாதையை மறித்து நின்றதாம். கார்க் கண்ணாடி உடைந்து திரும்பி வந்தான். நேரே தோப்புக்கு வந்து என் முன்னால் நின்று, "நீங்க போயி அவனுகள உஷார்ப்படுத்திட்டீங்க" என்றான். நான் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு அவனை மதிக்கவில்லை. அன்றைக்கே வேலை போனது. என் மனைவி சர்பத் பாட்டில்களை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு, எங்கள் பாத்திரங்களை மட்டும் சாக்கில் கட்டினாள்.

இப்போது பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறேன். யாரிடமும் சிரிக்க வேண்டியதில்லை. அந்த மலைக்காரர்களை நினைத்தால் இன்னமும் எனக்குப் பிடிக்காது. என் சட்டையைப் பிடித்தவனை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் முதலாளியின் கார்க் கண்ணாடி உடைந்ததைக் கேட்ட அன்று, நானும் என் மனைவியும் பல நாள் கழித்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.