முந்நூற்று நாற்பது ஜன்னல்களும் ஒரு பல் டாக்டரும்

எங்கள் ஊரின் பழங்கட்டிடப் பாதுகாப்புக் குழுத் தலைவர் டாக்டர் தோர்ன்டன் பெல்க்நாப்புக்கு வரும் சனிக்கிழமை பாராட்டு விருந்து. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் சுட்ட கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். விருந்து மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பதினொரு வருஷமாக அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதி வருகிறவள் நான்தான். "புதுசா ஒண்ணும் யோசிக்க வேணாம் வாண்டா. கூட்டக் குறிப்புல இருக்கறதப் பாத்து எழுதிக் குடு, போதும்" என்றாள் துணைத்தலைவி பிலிஸ். அப்படியே ஆகட்டும்.

பெல்க்நாப் முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் பல் வைத்தியம் பார்த்தார். வைத்தியம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினார். ஆற்றங்கரை ஆலையில் ஷூ லேஸ் பின்னிய கனடாக்காரப் பெண்களும் எங்களைப் போன்ற போலந்துக் குடும்பங்களும்தான் அவருக்குப் பிழைப்பு. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் பற்களை முழுசாக எடுத்துவிட்டுப் பொய்ப்பல் கட்டி அனுப்புவது எங்கள் ஆட்களிடம் ஒரு சீர். வரப்போகிற புருஷனுக்குப் பல் செலவு வைக்கக் கூடாதாம். எனக்கும் பத்தொன்பது வயதில் அது நடந்தது. இருந்த இருபத்தெட்டுப் பல்லில் சொத்தை நான்குதான். "நாலுக்காக நாலு தடவ வந்து போவியாக்கும்? மொத்தமா முடிச்சிடலாம் வாண்டா" என்றார். முடித்தார். கல்யாணப் போட்டோ எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் இந்த மனிதருக்குப் பழைய கட்டிடங்கள்மேல் காதல் பொங்கிவிட்டது. ஆலை ஓடிய காலத்தில் அந்தச் சத்தம் ஆகாது என்று குன்றின் மேல் வீடு கட்டிக்கொண்டு போனவர் அவர். ஆலையின் வாசற்படியை ஒரு நாளும் மிதித்ததில்லை. இப்போது வாய்க்கு வாய் "நம்ம ஆலை". குழுவில் இருந்த மற்ற நால்வரும் அதே ரகம். ஒருவர் பொழுதுபோக்குக்குப் பொம்மைக் கப்பல் செய்கிறவர், ஒருவர் வக்கீலின் மனைவி, இப்படி. ஆலையில் ஒரு மணி நேரம் வேலை பார்த்த ஆள் ஒருவர் கூட அந்த மேசையில் இல்லை. நான் அங்கே வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் குறிப்பு எழுதுகிறவளுக்கு ஓட்டு கிடையாது.

ஆலையின் சொந்தக்காரன் ஓமேர் லாலிபர்ட்டே. நாலு மாடிச் செங்கல் கட்டிடம். முந்நூற்று நாற்பது ஜன்னல். பழைய கம்பெனிக்காரர்கள் மலிவுக் கூலி தேடித் தெற்கே ஓடிப்போனபோது, அம்மா நாற்பது வருஷம் நின்று வேலை பார்த்த இடமாயிற்றே என்று ஓமேர் அதை வாங்கினான். கீழ்த்தளத்தில் முப்பது பின்னல் இயந்திரங்களை ஓட்டிக்கொண்டு, சிப்பாய் பூட்ஸுக்கும் பனிச்சறுக்கு ஷூவுக்கும் லேஸ் செய்தான். பதினொரு பேருக்கு வேலை கொடுத்தான். அவனுக்கு ஒரே தலைவலி ஜன்னல். நூறு வருஷத்து மரச் சட்டங்கள் உளுத்து, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, தளம் தாங்கும் உத்திரங்கள் ஊறிக்கொண்டிருந்தன. ஜன்னலை மாற்றாவிட்டால் பாலிசி கிடையாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். அலுமினிய ஜன்னல் போட அவனால் முடியும். ஆனால் கட்டிடம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. குழு தலையசைக்காமல் ஒரு கண்ணாடியைக்கூடத் தொட முடியாது.

குழு மாதத்தின் மூன்றாம் செவ்வாய் கூடும். மனு கொடுத்தவர் பேச மூன்று நிமிஷம். முதல் தடவை ஓமேர் ஒரு அலுமினியச் சட்டத்தைத் தோளில் சுமந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். பெல்க்நாப் சட்டத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஓமேர், இது ஆலை. ஆஸ்பத்திரி இல்ல. மரம்தான் வேணும்."

சரி, மரம். இரண்டாம் தடவை தச்சனை வைத்து மரத்தில் ஒன்று செய்து கொண்டுவந்தான். கண்ணாடி தட்டையாக இருக்கிறதாம். பழைய கண்ணாடியில் லேசாக நெளிவு தெரியுமாம், ஆற்று வெளிச்சம் அதில் நடனமாடுமாம். அந்த நெளிவுக் கண்ணாடிக்குப் பின்னால் நான் ஆறு வருஷம் நின்றிருக்கிறேன். நடனம் எதையும் நான் பார்க்கவில்லை, சூப்பர்வைசரைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் தடவை ஓமேர் எங்கோ இடிந்த வீட்டிலிருந்து நெளிவுக் கண்ணாடியே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். பெல்க்நாப் சட்டைப் பையிலிருந்து, பல்லுக்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடிக் கம்பியை எடுத்தார். ஆமாம், அதையேதான். மூலைக்கு மூலை விட்டுப் பார்த்தார். கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டம் நூலளவு தடிமனாக இருக்கிறது என்று திருவாய் மலர்ந்தார். பிலிஸ் சுட்டுக் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக்கைத் தின்றபடி மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான்காம் தடவை ஓமேர் ஒன்றையும் தூக்கி வரவில்லை. கோட்டும் இல்லை. அது அக்டோபர்.

"ஜன்னல் வேணாம் டாக்டர். மழை அடிக்கிற தெருப் பக்கம் மட்டும் பலகை அடிச்சிக்கிறேன். இந்தக் குளிர்காலம் தாண்டினாப் போதும். வசந்தத்துல கழட்டிடறேன்."

"தெருப் பக்கமா? அது ஊரோட முகம் ஓமேர். முகத்துல பலகை அடிப்பாங்களா?"

"முகத்துக்குள்ள தண்ணி இறங்குது டாக்டர். பதினோரு பேரு உள்ள நிக்கறாங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. நாம நூறு வருஷம் தள்ளி யோசிக்கணும்."

"நூறு வருஷமா? எனக்கு மார்ச் வரைக்கும் வந்தாப் போதும்."

மணி அடித்தது. மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. ஐந்து ஓட்டும் எதிராக, நிராகரிப்பு. என் பேனா அதை எழுதியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு இன்றுவரை எனக்கு என்மேலேயே அருவருப்பு.

பிப்ரவரியில் இரண்டாம் தளத்தின் ஒரு மூலை இறங்கிவிட்டது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று நகரப் பொறியாளர் கதவில் சிவப்புத் தாளை ஒட்டினார். பதினொரு பேரும் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. ஓமேர் கடைசியாக ஒரே ஒரு மனு கொடுத்தான், கட்டிடத்தை இடிக்க.

அடடா, குழு எப்படித் துள்ளி எழுந்தது பார்க்க வேண்டும்! இடிப்பதை ஒரு வருஷம் நிறுத்திவைக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்குள் கட்டிடத்தைக் காப்பாற்ற வழி தேட வேண்டும், அதற்குத்தான் அந்த வருஷம். ஐந்து பேரும் கைதூக்கி நிறுத்தினார்கள். கைதட்டினார்கள். பத்திரிகையில் போட்டோ வந்தது. பிறகு அந்தப் பன்னிரண்டு மாதமும் என்ன செய்தார்கள் தெரியுமா? என் குறிப்பேட்டில் வரிக்கு வரி இருக்கிறது. ஆலை வாசலில் வைக்கப்போகும் பித்தளைப் பலகையில் என்ன வாசகம் பொறிப்பது என்று சண்டை போட்டார்கள். "உழைப்பாளிகள்" என்பதா, "கைவினைஞர்கள்" என்பதா என்று மட்டும் மூன்று கூட்டம். யார் பெயர் முதலில் என்று இரண்டு கூட்டம். வாங்குகிறவரைத் தேடி ஒரு கடிதம்கூட யாரும் போடவில்லை. கூரை ஓட்டையை மூடத் தார்ப்பாய் ஒன்றாவது வாங்கலாமே என்று ஜூன் மாதம் ஒருவர் சொன்னார். தார்ப்பாய் நீல நிறமாக இருக்கும், பொருந்தாது என்று முடிவானது.

முந்நூற்று அறுபத்தாறாம் நாள் காலை ஏழு மணிக்குப் பொக்லைன் வந்துவிட்டது.

குழுவின் ஐந்து பேரும் கறுப்புக் கோட்டில் வேலி ஓரம் ஆஜர். எங்கள் சட்டப்படி குழுவில் மூன்று பேர் ஓரிடத்தில் கூடிப் பேசினாலே அது கூட்டம், குறிப்பு எழுதியாக வேண்டும். அதனால் நானும் நோட்டும் பேனாவுமாக நின்றேன். தெருப் பக்கச் சுவரை இயந்திரம் ஒரு தட்டுத் தட்டியது. 'ஊரின் முகம்' அப்படியே உள்பக்கமாக மடிந்து விழுந்தது. பிலிஸ் விசும்பினாள். பெல்க்நாப் கண்களைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே, ஒரு ஜன்னலை மட்டும் உடையாமல் எடுத்துக் கொடுக்க முடியுமா, சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

ஓமேர் வேலிக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றிருந்தான். பெல்க்நாப் போய் அவன் தோளில் கை போட்டார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்கு ஒரே துக்கம் ஓமேர்."

ஓமேர் கையைத் தட்டிவிடவில்லை. திரும்பி அவரை நிதானமாகப் பார்த்தான்.

"டாக்டர், எங்கம்மாவ ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? தங்கமான பொம்பள."

"அவங்களுக்கு இருபத்தாறு பல்லையும் ஒரே காலையில புடுங்குனீங்க. அதுக்கு எத்தன கூட்டம் போட்டீங்க?"

பெல்க்நாப்புக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. கேள்வி உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"அது வேற ஓமேர். அதுக்கெல்லாம் என்ன வரலாறு இருக்கு?"

ஓமேர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். என் நாக்கு தன்பாட்டில் பொய்ப்பல் வரிசையைத் தடவிப் பார்த்தது. கூட்டக் குறிப்பில் பேச்சை அப்படியே எழுதும் வழக்கம் கிடையாது, தீர்மானத்தை மட்டும்தான் எழுதுவேன். அன்று மட்டும் அத்தனையையும் எழுதினேன். மழை, பலகை, தார்ப்பாய், சுவரில் மாட்டக் கேட்ட ஜன்னல், அந்தக் கேள்வி, அந்தப் பதில், எல்லாவற்றையும் தட்டச்சு செய்து ஐந்து பேருக்கும் அனுப்பினேன்.

அடுத்த மூன்றாம் செவ்வாய் பெல்க்நாப் வழக்கம்போல மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"போன கூட்டக் குறிப்ப எல்லாரும் படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டோம்."

"திருத்தம் எதுவும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல. வாண்டா எப்பவும் நல்லாத்தான் எழுதுவா" என்றாள் பிலிஸ், கேக் தட்டை நகர்த்திக்கொண்டே. பதினொரு வருஷத்தில் ஒரு குறிப்பைக்கூட அவர்களில் யாரும் படித்ததில்லை. எனக்கு அது தெரியும். ஐந்து கைகள் உயர்ந்தன. தலைவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு அப்புறம் அது நகர ஆவணம், யாராலும் மாற்ற முடியாது.

ஆகவே பிலிஸ், நீ கேட்ட வாழ்க்கைக் குறிப்பு இதோ. கூட்டக் குறிப்பைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் நகர அலுவலகத்தில் எடுத்துப் பார். அடியில் இருப்பது அவர் கையெழுத்துதான்.