தோள் பார்க்கும் செக்ரட்டரி

“கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பு, அங்காளம்மா.”

பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றபடி சொன்னார் சுந்தர்சிங். வெளியே, தலையில் மீன்கூடையோடு நின்ற அங்காளம்மா காலை ஏழு மணி வெயிலுக்கு இடது தோளைத் திருப்பினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார். ஒரு கம்பி இடுக்கில் பார்த்தது போதாமல் அடுத்த கம்பி இடுக்குக்கு முகத்தை மாற்றினார்.

“வீக்கம்?”

“வடிஞ்சி பூட்ச்சி சார்.”

“மயக்கம் வருதா? கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி?”

“அது எனுக்குக் கண்ணாலம் ஆன நாள்லேர்ந்தே கீது.”

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நிற்கவில்லை அவர் அங்கே. அங்காளம்மாதான் பொறுமை இழந்தாள்.

“இன்னா சார் நீ, ஒரு வாரமா மீனைப் பாக்காம என் தோளையே பாத்துகினு கீற? வவ்வா கீது, சங்கரா கீது. எதுனா எடுத்துக்கிறியா, இல்ல என் கையே போதுமா?”

ஒரு மனிதர் தினமும் மீன்காரியின் தோளை உற்றுப் பார்த்தால் தெருவில் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? பேசவில்லை. எதிர்வீட்டு துரைராஜ் அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் தம் ஜன்னல் திரையை ஒதுக்கி அதே தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிப் புதிதாக எழும்பிய இந்த நகரின் குடியிருப்போர் சங்கத்துக்கு சுந்தர்சிங் செக்ரட்டரி. பாரிமுனைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் செக்‌ஷன் தலைவர். பி.ஏ. என்பதைப் பெயருக்குப் பின்னால் கேட்டிலும் போட்டிருக்கிறார், லெட்டர் ஹெட்டிலும் போட்டிருக்கிறார், குடையின் கைப்பிடியிலும் செதுக்கியிருக்கிறார். மின்சார ரயிலில் கம்பியைப் பிடிக்க வேண்டி வந்தால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர் எப்போதும் கூடவே போகும். கிருமி என்று ஒன்று இருக்கிறது என்பதில் அவருக்கு உள்ள விசுவாசம், சர்ச் சபையில் சிலருக்கு வேறு விஷயங்களில் கூட இருக்காது.

இந்த வருஷம் காலரா புது ரகமாக வந்திருக்கிறது, கப்பலேறி தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு மெட்ராசுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. சுந்தர்சிங் உடனே ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். “பொதுமக்கள் வீண் வதந்திகளை நம்பாமல் தைரியமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்” என்று அது முடிந்தது. அச்சில் வந்த அந்தக் கடிதத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். அதன் கீழே உட்கார்ந்துதான் வருகிறவர்களிடம் வதந்திகளைப் பேசினார்.

“இன் பிரின்ஸிபிள் நான் பூரண ஆதரவு. ஆனா மருந்து புதுசு பாருங்க. எங்க ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க்கோட சகலை, ஊசி போட்ட மூணாம் நாள் கை பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சாம். பேனா பிடிக்க முடியலையாம். பதினாலு நாள் பொறுத்துப் பார்க்கறது சயின்டிஃபிக் மெத்தட்.”

யாரைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அதற்கும் வழி கண்டார். ஊசி மருந்து ரேஷனில்தான் வருகிறது என்று தெரிந்ததும், நகருக்கு ஒதுக்கிய முதல் தவணையைக் கடலோரக் குப்பத்து மக்களுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சங்கத்தில் தீர்மானம் போட்டார். “அவங்களுக்குத்தான் முதல்ல வேணும், பாவம்.” ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயர் இந்தத் தியாகத்தைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். சுந்தர்சிங் தலையைக் குனிந்துகொண்டார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதற்கு வசதியாக.

கூடவே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. ஊசி போட்ட சீட்டு இல்லாத எந்த வியாபாரியும் நகருக்குள் வரக் கூடாது. ஆபீஸ் டைப்ரைட்டரில் மூன்று பிரதி அடித்து, ஒன்றைச் சங்கத்து வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். நகருக்குள் குடியிருக்கிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அங்காளம்மாவுக்கு இந்தத் தெருதான் பிழைப்பு. விடியுமுன் குப்பத்திலிருந்து கிளம்பி, பாதி தூரம் லாரியிலும் பாதி தூரம் கால்நடையாகவும் வந்து சேருகிறவள். மரத்தில் ஆணி அடித்த அன்று இந்தக் கேட்டுக்கு வெளியேதான் வந்து நின்றாள்.

“ஊசி போட்டா கை வெளங்காம பூடும்னு சொல்லிக்கிறாங்களே சார். கை பூட்டா கூடைய எப்பிடி ஏத்தி எறக்கறது?”

“அதெல்லாம் படிக்காதவங்க பேச்சு.”

“நீ போட்டுக்கினியா சார்?”

“நானா? முதல் நாளே ஆச்சு.” வலது கையால் இடது தோளைத் தட்டிக் காட்டினார். “ஒண்ணுமே தெரியலை. ஜம்முன்னு இருக்கேன் பார்.”

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. படிக்காத ஜனங்களுக்கு விஷயத்தை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்கிறோம் என்றுதான் தோன்றியது. அங்காளம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், கேட்டிலிருந்த பி.ஏ.வைப் பார்த்தாள், போய்விட்டாள். மறுநாள் ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். கூடை மூலையில் கிடந்தது. மூன்றாம் நாள் சீட்டும் கையுமாக வந்தபோது சீட்டை அவர் பார்த்த நேரம் கொஞ்சம், தோளைப் பார்த்த நேரம் அதிகம். அன்று ஆரம்பித்தது இந்தப் பழக்கம். வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தது. அதை அவள் வாயில் வைக்க மனம் வராததால் காய்ச்சல் உண்டா என்று வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் மனைவி ஹில்டா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். டீச்சர்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டு வந்து சாயந்திரம் மாவு அரைத்தாள்.

“என் கை உங்க கண்ணுக்குத் தெரியலையா? அவளைப் போய் வெயில்ல நிக்க வெக்கிறீங்களே?”

“உனக்குப் போட்டது வேற லாட் மருந்து, ஹில்டா.”

“அவளுக்குப் போட்டதுதான் உங்களுக்கு வருமா?”

“சான்ஸ் ஜாஸ்தி.”

ஹில்டா இட்லித் தட்டை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அங்காளம்மா ஊசி போட்ட பதின்மூன்றாம் நாள் சாயந்திரம் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் தயாளன் உள்ளே வந்தார். வெயிலில் காய்ந்து கறுத்த மனிதர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் பேசினார்.

“லிஸ்டுல உங்க பேர் இல்ல சார்.”

“வரும், வரும். நாளைக்குத்தானே இங்க கேம்ப்.”

“அதைக் கேக்கலை. குப்பத்துல முதல் தவணை போடப் போனப்ப ஒருத்தரும் கையை நீட்டலை. ரெண்டு சாவு விழுந்தும் நீட்டலை. அங்காளம்மாதான் வூடு வூடாப் போய் ‘சிட்லபாக்கத்து சாரே போட்டுக்கினாரு, அவரு படிச்சவரு, அவரு பொய் சொல்லுவாரா’ன்னு கூட்டிக்கிட்டு வந்துது. உங்க பேரைச் சொல்லி நாப்பது பேருக்கு மேல போட்டுக்கிட்டாங்க. இப்ப ரெண்டாவது போடணும். ஒண்ணோட நிறுத்தினா பாதிக் காவல்தான். ஆனா காய்ச்சல்ல படுத்தவங்க கோவமா இருக்காங்க. ‘அந்த சார் ரெண்டாவது போட்டுக்கறதைக் கண்ணால பாத்தாத்தான்’ங்கறாங்க. நாளைக்குக் காலையில அவங்கள்ல நாலு பேர் இங்க வர்றாங்க சார். உங்களைப் பாக்க.”

சுந்தர்சிங் சுவரில் மாட்டியிருந்த கடிதத்தைப் பார்த்தார். அவர் அங்காளம்மாவின் தோளை நம்பிக் காத்திருந்தார். அங்காளம்மா அவர் தோளை நம்பிக் குத்திக்கொண்டிருக்கிறாள். நாற்பது பேர் அவளை நம்பி. இந்தத் தெரு முழுக்க அவரை நம்பி. சுற்றிச் சுற்றி வந்ததில், எதுவும் குத்தாத தோள் ஒன்றின் மேல்தான் எல்லாம் நின்றுகொண்டிருந்தது.

“நாளைக்கு எனக்கு ஆபீஸ்ல ஆடிட் இருக்கே, மிஸ்டர் தயாளன்…”

“நாளைக்கு உங்களுக்கு லீவு சார். டீச்சரம்மா சொன்னாங்க.”

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

மறுநாள் காலை, சங்கத்துக்கென்று கட்டிப் பூசாமல் விட்ட ஒற்றை அறை. ஸ்பிரிட் அடுப்பில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. நகரவாசிகள் பதினைந்து பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி சலவை மடிப்போடு. எதிர்வீட்டு துரைராஜ் உற்சாகமாக இருந்தார்.

“செக்ரட்டரி ஸ்டார்ட் பண்ணட்டும். நாங்க பின்னாலேயே வர்றோம்” என்று சொல்லி நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அங்காளம்மாவும் மூன்று பெண்களும் கூடைகளை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். அவர்களில் கங்கம்மா கீழ்க்கட்டளையில் விற்கிறவள். அவள் மாமியார்தான் குப்பத்தில் காலராவுக்குப் போன இரண்டாவது ஆள்.

“இவருதானா?” என்றாள் கங்கம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. “மொத ஊசிக்கு ரெண்டு நாளு நான் எழுந்திருக்கல. இவரு இன்னாடான்னா கல்லு கணக்கா கீறாரு. படிச்சவங்களுக்கு வேற மருந்தா?”

“சொம்மா இரு கங்கம்மா. இப்ப பாரு, சார் எப்பிடிப் போட்டுக்கறாருன்னு” என்றாள் அங்காளம்மா. அவள் குரலில், சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற பெருமை இருந்தது.

சுந்தர்சிங் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். தயாளன் பக்கமாகச் சாய்ந்து, குப்பத்துப் பெண்களுக்குப் புரியாத பாஷையில் ரகசியமாகச் சொன்னார். சாரம் இதுதான்: இது ஒரு முன்னுதாரணம்தானே, ஜனங்கள் பார்க்க வேண்டியது ஊசியைத்தான், உள்ளே மருந்து இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள், சிம்பாலிக்காகச் செய்தால் என்ன?

தயாளன் சிரிஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியே தள்ளினார்.

“சிம்பாலிக் மருந்து ஸ்டாக் இல்ல சார்” என்றார், தமிழில்.

பஞ்சு பட்டதுமே சுந்தர்சிங் விலுக்கென்று தோளை இழுத்துக்கொண்டார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. “ஒன் மினிட்” என்றார். பிறகும் “ஒன் மினிட்” என்றார். கங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் ஓர் அடி வைத்தாள். அவளைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் நகர்ந்தார்கள்.

அங்காளம்மா நகரவில்லை. அவள் சுந்தர்சிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பத்தில் நாற்பது பேரை வரிசையில் நிற்க வைத்தவள். முதல் தடவை கையை நீட்டுகிறவன் எப்படி இருப்பான், ஏற்கெனவே குத்துப்பட்டவன் எப்படி இருப்பான் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது. வாயைத் திறந்தாள். கங்கம்மாவின் முதுகைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றே எட்டில் ஸ்டூலுக்கு வந்து, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள். கூடை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. சுந்தர்சிங் உருவிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அவர் காதோரம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“மொதல் ஊசின்னா அப்பிடித்தான் சார் பயமா இருக்கும்.”

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தயாளன் குத்தினார்.

அங்காளம்மா நிமிர்ந்தாள். “ஏ கங்கம்மா! எங்க ஓடற? சாருக்கு ஆச்சி. ரெண்டாவது ஊசி. எல்லாரும் பாத்துக்கினீங்களா?” என்று உரக்கக் கத்தினாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் தன் தோளைத் தயாளனிடம் காட்டினாள். அவளுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே கங்கம்மா. அப்புறம் மற்ற இருவர்.

நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. துரைராஜ் நாலாவது ஆளாகப் போய் நின்றார். போட்டுக்கொண்டு வந்து சுந்தர்சிங்கின் கையைக் குலுக்கினார். “நீங்க இல்லேன்னா இந்த ஜனங்க இதுக்கு வந்திருக்கவே மாட்டாங்க சார்.”

“யாராவது ஒருத்தர் முன்னால நிக்கணுமில்லையா?” என்றார் சுந்தர்சிங். குரல் திரும்பி வந்துவிட்டிருந்தது. “எஜுகேட் பண்ணணும். பொறுமையா எடுத்துச் சொல்லணும்.”

வாசலில் அங்காளம்மா குனிந்து, இடது கையைத் தொங்க விட்டபடி, வலது கையாலும் முழங்காலாலுமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கங்கம்மா ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். அன்று அவர்கள் தெருவில் கூவவில்லை. காய்ச்சல் வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

சுந்தர்சிங் வீட்டுக்கு வந்து நேரே கிணற்றடிக்குப் போனார். ஹில்டா வாளியில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, “குத்தின இடத்துல தண்ணி படாம பாத்துக்கோங்க” என்றாள். அவர், தோளில் பஞ்சு ஒட்டியபடியே இருக்க, இடது மணிக்கட்டை நீட்டி, சுற்றிலும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். தண்ணீர் விட்டார். மறுபடி சோப்புப் போட்டார். பிறகு மணிக்கட்டை மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மூன்றாம் முறையும் சோப்புக்குக் கையை நீட்டினார்.