ரமோனின் முழுப்பெயர்

போன வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். எழுதி முடித்த நேரத்திலிருந்து டெலிபோன் அடித்தாலே பயமாக இருக்கிறது.

டொரொண்டோவில், ஸ்காபரோப் பக்கம் ஒரு பிளாசாக் கடைகளின் வாசலில் நம்முடைய தமிழ்ப் பொடியன்கள் இரண்டு கோஷ்டியாக வாளோடு நின்ற கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாருடைய பிள்ளை எவன் என்று தகப்பன்மாருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கிறார்கள் இல்லை... இதுதான் கட்டுரை.

பத்திரிகை ஆசிரியர் எனக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கட பெயரில வேண்டாம். செல்வராசா எண்டு போடுவம்.”

பக்கத்தில் நின்ற மனைவி தலையாட்டினாள். “அதுதான் நல்லது. பிள்ளையள் நடந்தெல்லோ ஸ்கூலுக்குப் போகினம்.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்வானேன்?

வியாழன்தோறும் பன்மொழி வானொலி ஒன்றில் எனக்கு அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி உண்டு. எனக்கு முன்னால் ஸ்பானிஷ் நிகழ்ச்சி. அதில் அரசியல் விமர்சனம் செய்பவர் ரமோன். ஸ்பெயினில் சர்வாதிகாரக் காலத்தில் பத்திரிகை நிருபராக இருந்தவர். இங்கே பகலில் இன்சூரன்ஸ் விற்கிறார், மாலையில் மைக்கைப் பிடிக்கிறார். மேயர் முதல் கால்பந்து நடுவர் வரை ஒருவரையும் விடமாட்டார். பாஷை தெரியாத எனக்கே யாருக்கோ நல்ல அடி விழுகிறது என்பது விளங்கும்.

அவரிடம் ஒரு பழக்கம். தகப்பன் வழி, தாய் வழி எல்லாம் சேர்த்துத் தன் முழுப்பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். முடிக்கும்போதும் அதே நீளப்பெயர். இந்த மனிதனுக்கு இவ்வளவு தற்பெருமையா என்று நான் நினைத்ததுண்டு.

இந்த வியாழன் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். “என்ன, சுகமில்லையா?”

கட்டுரையைச் சொன்னேன். செல்வராசாவையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்தார்.

“மட்ரிட்டில் ஒரு வேலைநிறுத்தம் பற்றி எழுதினேன். பயத்தில் ஆசிரியர் ஒரு பொய்ப் பெயரைப் போட்டார். அதே பெயரில் நகரத்தில் ஒரு பார்பர் இருந்தார். பொலிஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது.”

“பிறகு?”

“எழுதியது நான்தான் என்று போய்ச் சொன்னேன். என்னையும் உள்ளே போட்டார்கள். அவரை விடவில்லை. பிறகு அவர் வெளியே வந்தபோது வலது கை கத்தரிக்கோல் பிடிக்கும் நிலையில் இல்லை.”

அதற்குப் பிறகு சொந்தப் பெயர் இல்லாமல் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லையாம். அதனாலேயே இரண்டு பத்திரிகைகள் அவரை வீட்டுக்கு அனுப்பின. கடைசியில் நாட்டையே விட்டு வந்தார்.

“உங்களுக்குப் பயமே இல்லையா?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு நாளும் பயம்தான். அதனால்தான் எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறேன்.”

அன்றைக்கு மைக் முன்னால் என்ன பேசினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டினேன். டொரொண்டோவில் செல்வராசா என்ற பெயரில் எத்தனை பேர்! ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரோடு பஸ்ஸில் கதைத்திருக்கிறேன். ஃபாக்டரி வேலை, கைக்குழந்தை ஒன்று. பாவம், அந்த மனிதன் வாளைக் கண்டானா, கட்டுரையைக் கண்டானா?

மனைவியிடம் காட்டினேன். அவருடைய விலாசத்தில் விரலை வைத்து வாசித்தாள்.

“உங்கட பெயரையே போடச் சொல்லுங்கோ” என்றாள். “நாளையில இருந்து பிள்ளையளை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.”

கட்டுரை என் சொந்தப் பெயரிலேயே இதே இதழில், அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மிரட்ட விரும்புகிறவர்கள் தயவுசெய்து சரியான வீட்டுக்குப் போன் எடுங்கள்.