நாற்பத்துமூன்று சோடிச் சப்பாத்து

வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணினால் உள்ளே நடக்கிற வகுப்பின் தரம் தெரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். வெள்ளவத்தையில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். எங்கள் ஒழுங்கைகளில் ரியூசன் மாஸ்டரைப் பிடிப்பது அப்படித்தான். செருப்புகள் படியைத் தாண்டி றோட்டுக்கு வந்திருந்தால் மாஸ்டர் கெட்டிக்காரர். நாலு சோடிதான் கிடந்தால் மனிசனுக்கு ஏதோ குறை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இப்படித்தான் ஆள் பிடித்தேன். மகள் ஹொக்கி பழக வேண்டும் என்றபோது மைதானத்துக்கும் போய்ச் சப்பாத்து எண்ணினேன்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் விளையாடியிருந்தாள். சாப்பிடும்போதும் ஸ்டிக் மடியில் இருக்கும். வரவேற்பறையில் அவள் அடித்த பந்து என் கணுக்காலில் பட்டு நான் போட்ட சத்தத்தில் மேல்மாடி அன்ரி பயந்துபோய் இறங்கி வந்தா.

"ஒழுங்கான இடத்தில சேர்த்து விடுங்கோ அப்பா," என்றாள் மகள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் கடைசியாக ஓடியது கல்கிசை பஸ்ஸுக்குப் பின்னால். பஸ்தான் வென்றது. அப்படிப்பட்ட வீரன் ஒரே கிழமையில் ஹொக்கி நிபுணன் ஆனேன். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் யாரோ, எட்டு வயதில் கிளப்பில் சேராத பிள்ளை பிந்தின பிள்ளை என்று எழுதியிருந்தார். நாலு வருடம் பிந்திப் போனோம்! அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் போனது கொட்டாஞ்சேனைக்கு. துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் என் நண்பனின் மகள்மார் இருவரும் அங்கேதான் பழகினார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு புழுதி மைதானம், பதினொரு பிள்ளைகள், ஒரு பெண் கோச். அவ மகளிடம் பெயரைக் கேட்டா. பிறகு, "காலமை சாப்பிட்டனீங்களோ?" என்றும் கேட்டா. இவ கோச்சோ, மாமியோ என்று நான் யோசித்தேன். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தவ, என்னிடம் வந்தா.

"பிள்ளை இடது காலை ஊன்றப் பயப்பிடுறா. முழங்காலுக்குக் கீழ கன நாளா நோகுதாம். ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கோ. ஒரு மாசத்துக்கு ஓட வேண்டாம். இஞ்ச வந்து இருந்து பாக்கட்டும்."

"ஒரு மாசமோ?"

"ஓம். கூடினாலும் கூடும்."

நான் மகளைப் பார்த்தேன். "கொஞ்சம்தான் நோகுது அப்பா," என்றாள் அவசரமாக.

பஸ் தரிப்பு வரை வந்த நண்பன் சொன்னான்: "மச்சான், அவ சொன்னாக் கேள். என்ரை மூத்தவளின்ரை தோளையும் அவதான் கண்டுபிடிச்சவ."

"பதினொரு சோடிச் சப்பாத்து மச்சான்! அதிலயும் ரெண்டு சோடி உன்ரை வீட்டுச் சப்பாத்து."

"நீ என்ன, சப்பாத்துக் கடைக்கே வந்தனி?"

அடுத்த நாள் நகரத்தின் நடுவில் இருந்த பெரிய கிளப்புக்குப் போனோம். செயற்கைப் புல், விசிலோடு மூன்று கோச்மார், வேலியோரம் வரிசையாக வாகனங்கள். நாற்பத்துமூன்று சோடி. இரண்டு தரம் எண்ணினேன். யாரும் பெயர் கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. நேரே வரிசையில் விட்டு ஓடச் சொன்னார்கள். ஒரு மாதத்தை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். வேலியோரம் இருந்து பார்க்க அன்றே மடக்குக் கதிரை ஒன்று வாங்கினேன்.

"அந்த மிஸ் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னவ எல்லோ?" என்று மனைவி கேட்டா.

"எடுப்பம்," என்றேன்.

அடுத்த கிழமையும் கேட்டா. அடுத்த கிழமையும் எடுப்பம் என்றேன். எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடும், தெரிந்தால் நிறுத்த வேண்டிவரும், நிறுத்தினால் அந்த நாற்பத்துமூன்று பேரும் முன்னால் போய்விடுவார்கள். என் மூளை அப்போது வேலை செய்த லட்சணம் அது.

ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, கால் நல்லா நோகுது," என்றாள் மகள்.

"எனக்கும்தான் நோகுது. சும்மா கதிரையில இருக்கிற எனக்கே நோகுது," என்றேன்.

சிரித்தாள். நல்ல பகிடி என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் காலைப் பற்றிக் கதைக்கவில்லை. நோவு போய்விட்டது என்று நினைத்தேன். முழங்கால் வரை காலை மூடும் மேசு போட்டுக்கொண்டு திரிந்தாள், வீட்டிலும். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தாள். இதெல்லாம் என் கண்ணில் பட்டது. எண்ணத் தெரிந்த எனக்கு இதைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை. யாரும் அவளை இடிக்கவில்லை. பந்துகூட அவளிடம் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பினாள், விழுந்தாள். வழுக்கிவிட்டாள் என்று நினைத்து நான் கதிரையில் இருந்தபடி கைதட்டி, "எழும்பு, எழும்பு!" என்று கத்தினேன். அவள் எழும்பவில்லை. கோச் ஒருவர் விசில் ஊதிவிட்டு, சிங்களத்தில், "அர நங்கிவ பெத்தகட்ட கன்ன," என்றார். அந்தத் தங்கச்சியை ஓரமாக எடுங்கள் என்று அர்த்தம். மூன்று மாதமாகியும் அவருக்கு அவள் பெயர் தெரியாது. நானும் இன்னொரு பிள்ளையின் தகப்பனும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது மைதானத்தின் மற்றப் பாதியில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பில் பழைய வெடிப்பு, மாதக்கணக்காக இருந்திருக்கிறது, ஓடி ஓடிப் பெருத்து இன்றைக்கு முறிந்துவிட்டது என்றார்.

"முந்தி ஒருத்தரும் சொல்லேல்லையா?" என்று கேட்டார்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மகள்தான் பார்த்தாள். பிறகு டொக்டரிடம், "நான்தான் சொல்லேல்ல," என்றாள். வாயில் வந்த பகிடியை விழுங்கினேன்.

நண்பன் சொல்லிக் கேள்விப்பட்டு, கொட்டாஞ்சேனைக் கோச் வோர்ட்டுக்கு வந்தா. ஒரே ஒரு நாள் பார்த்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. சாப்பிட்டியா என்று கேட்டா. என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெரிய கிளப்பிலிருந்து யாரும் வரவில்லை. வட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வந்தன. நான் எண்ணவில்லை.

இப்போது மகளுக்குப் பதினாலு வயது. இடது காலில் ஒரு தட்டும் ஆறு ஆணிகளும் இருக்கின்றன. நடக்கிறாள். ஹொக்கி விளையாடுவதில்லை.